பிறவிக் குணத்துக்குப் பொங்கல்

என் செருப்பை யாரோ தினமும் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் நாள், கழற்றிப் போட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி, சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காலையில் ஆளைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாதான். பூத்தட்டோடு வந்தவர் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு விரலால் வாரைப் பிடித்துத் தூக்கி, செருப்பை ஓரமாக வைத்தார். பிறகு அங்கே கிடந்த ஒரு கறுப்புக் கூழாங்கல்லைப் பார்த்து ஏதோ மெதுவாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற குரல். என் சார்பில்தான் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

பாலியில், உபுடிலிருந்து தம்பாக்சிரிங் போகிற வழியில் ஒரு கிராமம் அது. மதில் சுவருக்குள் ஒரே வீடாக இல்லாமல் தூங்க ஒரு மண்டபம், சமைக்க ஒரு கட்டடம், சடங்குக்கு ஒரு மண்டபம், மூலையில் குலக்கோயில் என்று தனித்தனியாக இருக்கும். அதில் ஓர் அறையில் நானும் என் கல்லூரித் தோழியும் பத்து நாள் தங்கியிருந்தோம். கொஞ்ச நாள் எங்காவது போய்விட்டு வா என்று வீட்டில்தான் அனுப்பிவைத்தார்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

வீட்டுக்கார அம்மாவை இபு என்று கூப்பிட்டோம். அங்கே அம்மா என்றால் இபு. அவருடைய தம்பி கார் ஓட்டுபவர், ஆங்கிலம் பேசுவார். அவரைப் பிளி என்போம், அண்ணா மாதிரி. கல்லைப் பற்றி அவரிடம் கேட்டேன். ‘அது என் அக்கா மகளோட கூடப் பிறந்தது’ என்றார், ரேஷன் கார்டில் இருக்கிற ஒரு பெயரைச் சொல்வதுபோல.

பாலி மக்களின் கணக்கில் யாரும் தனியாகப் பிறப்பதில்லை. வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருந்த பனிக்குட நீர், ரத்தம், பிறந்த குழந்தையின் உடம்பில் மாவு பூசினாற்போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம், நஞ்சுக்கொடி. இந்த நான்கும் குழந்தையோடு சேர்ந்து பிறந்த நான்கு உடன்பிறப்புகள். கந்த எம்பத் என்று பெயர். எம்பத் என்றால் நான்கு. மற்ற மூன்றும் ஓடிப்போகிறவை, காய்ந்துபோகிறவை. கையில் பிடிக்க முடிவது நஞ்சுக்கொடி மட்டும்தான். ஆகவே மரியாதை எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. இப்போது பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்றாலும் குழந்தையின் அப்பா அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். தண்ணீரில் கழுவி, தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து மூடி, வெள்ளைத் துணி சுற்றி, வாசலருகே புதைப்பார். உள்ளே இருந்து வெளியே பார்த்தபடி நின்றால் ஆண் குழந்தைக்கு வலப்பக்கம், பெண் குழந்தைக்கு இடப்பக்கம். மேலே ஆற்றுக் கல் ஒன்று, பக்கத்தில் முள் தாழை, இரவில் ஒரு விளக்கு. பூச்சி பொட்டு நோண்டாமல் இருக்கவும், வேறு எதுவும் வந்து சேராமல் இருக்கவும் அந்த முள்.

நான் மூன்று நாளாகச் செருப்பை விட்டது அந்த இடத்தில்தான்.

இந்த நால்வருக்கும் பிறகு பெயர் உண்டு. அங்கபதி, ம்ராஜபதி, பனஸ்பதி, பனஸ்பதி ராஜா. குழந்தை வளர வளர இவர்களும் கூட வருகிறார்கள். சாப்பிடும்போது கூப்பிட வேண்டும், தூங்கப் போகும்போது சொல்லிக்கொள்ள வேண்டும். கவனித்தால் காவல் இருப்பார்கள். மறந்துவிட்டால் அவர்களே நோயாகவும் குழப்பமாகவும் திரும்பி வருவார்கள். பனஸ்பதி ராஜாதான் பாலியின் புகழ்பெற்ற பாரோங், அந்தச் சிங்க முகத்துக் காவல் தெய்வம் என்கிறார்கள். ஊருக்கே காவல் நிற்கிற ஒரு பெரிய சாமி, நம்மோடு வழுக்கி வெளியே வந்த ஒரு தம்பிதான் என்று நினைத்துப்பாருங்கள். நம் ஊர் கருப்பசாமி பிரசவ அறையில் நம் கூடவே பிறந்தார் என்பதுபோல.

தமிழில் அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறோம்? நஞ்சுக்கொடி. சொல்லின் வேர் என்னவோ, காதில் விழுவது நஞ்சுதான். எங்கள் ஊரில் பசு கன்று போட்டால் அதன் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். பால் வடிகிற மரம், மாட்டுக்கும் பால் சுரக்கட்டும் என்று. குழந்தையின் தொப்புள்கொடித் துண்டைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுகிற வழக்கமும் உண்டு. ஆனால் இபு என்னிடம், ‘உன் மகளுடையது எங்கே இருக்கிறது?’ என்று பிளி மூலமாகக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு வாளியில். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. எனக்காகவா, என் மகளுக்காகவா, அந்த வாளியில் போனதற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, அந்தக் காரணம்.

நான் கோபக்காரி. இதை எங்கள் வீட்டில் யாரும் மறைத்ததில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மாமியார் பக்கத்து வீட்டுக்காரரிடம், ‘பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது’ என்று சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. அதற்கும் கோபப்பட்டேன். பாலிக்குப் போன அந்த வருடம் மார்ச்சில், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, என் மகள் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் படம் வரைகிற நோட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கிக் கிழித்தேன். ஒரு பக்கத்தை இல்லை, முழு நோட்டையும். ஆறு மாதமாக வரைந்தது. அவள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணிக்கடைப் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சுப் போட்ட விதம் இருக்கிறதே, அதுதான் என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை. பிறகு ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். உங்களை நீங்கள் நேசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நோட்டைக் கிழித்தவளை எப்படி நேசிப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது.

உபுட் முழுக்க இதே வாசகம்தான். தேநீர்க் கடைப் பலகையில், யோகா வகுப்பு அட்டையில், விற்பனைக்கு வைத்த பைகளின் மேல்: நீ இருக்கிறபடியே முழுமையானவள். தம்பாக்சிரிங்கில் தீர்த்த எம்புல் கோயிலுக்கும் போனோம். கி.பி. 962ஆம் ஆண்டுக் கல்வெட்டில் குறிப்பு உள்ள ஊற்று. கல் வாய்களிலிருந்து கொட்டுகிற நீரில் வரிசையாகத் தலையை நனைக்க வேண்டும். இறந்தவர்களுக்கான இரண்டு வாய்களை மட்டும் விட்டுவிட வேண்டும். தண்ணீர் அப்படி ஒரு குளிர். எனக்கு முன்னால் நின்றவர் நீருக்கு அடியில் தன் முகம் சரியாக விழும்வரை தோழியைப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது, புனித நீருக்கு நடுவில் நின்றுகொண்டு. குறைசொல்லவில்லை, குளியல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாலியில் எனக்குக் கிடைத்த எதுவும் அந்த ஊற்றில் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் இபுவின் மகளுக்குப் பல் தேய்க்கும் சடங்கு.

மெபாண்டெஸ் என்பார்கள். பெண் பெரியவளான பிறகு, பையனுக்குக் குரல் உடைந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் எப்படியும் செய்துவிட வேண்டும். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு, கோரைப்பற்கள் இரண்டு, ஆக ஆறு. ஒவ்வொன்றும் ஒரு பகை. அவர்கள் சொல்லும் பட்டியலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: காமம், லோபம், குரோதம், மதம், மோகம், மாற்சரியம். சின்ன வயதில் கதாகாலட்சேபத்தில் கேட்ட அதே ஆறு பேர். நமக்கு அவர்கள் உபன்யாசத்தில் வந்து போகிறவர்கள். இங்கே வாயில் இருக்கிறார்கள். நாக்கால் தொட்டு எண்ணிவிடலாம்.

விடியுமுன்னே எழுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி விரித்த கட்டில். ஒரு மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்து உலோகப் பட்டைகளைத் தட்டி ஒரு மெல்லிய இசையை வாசித்தார்கள், நிழற்பாவைக் கூத்துக்கு வாசிக்கும் அதே கருவி. பெண் தங்கச் சரிகைத் துணியும் தலை நிறையத் தங்கப் பூக்களுமாகக் கல்யாணப் பெண்போல வந்து படுத்தாள். தேய்ப்பவருக்குச் சங்கிங் என்று பெயர். அவர் முதலில் ஒரு மோதிரக் கல்லால் பற்களின்மேல் எழுத்து எழுதுகிறாற்போலக் கோடிழுத்தார். கடைவாயில் ஒரு சிறு கரும்புத் துண்டை வைத்தார், வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க. பிறகு அரத்தை எடுத்தார். சாதாரண அரம்தான், நம்மூர்ப் பூட்டுக்காரர் சாவிக்கு வைத்திருப்பதுபோல.

அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. சுண்ணாம்புக்கட்டி வழுக்கிக் கரும்பலகையில் நகம் உரசினால் வருமே, அதை நிதானமாக, அவசரமில்லாமல் செய்தால் எப்படியோ அப்படி. என் பல்லெல்லாம் கூசியது. பெண்ணின் கால் கட்டைவிரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. இபு அவள் காலடியில் நின்று ஒரு கையால் அந்தப் பாதத்தைப் பிடித்திருந்தார். பத்து இழுப்பு, நிறுத்தம். அவளை எழுப்பி உட்காரவைத்து, உமிழ்ந்ததை ஒரு செவ்விளநீர்க் குடுக்கைக்குள் விடச் சொன்னார்கள். தேய்ந்து விழுந்த பல்பொடியெல்லாம் அதற்குள்தான் போகும். கடைசியில் அதைக் குலக்கோயிலில் முன்னோர் சன்னிதிக்குப் பின்னால் புதைப்பார்கள். பிறகு சங்கிங் அவள் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து ஏதோ கேட்டார். அவள் உதட்டை உயர்த்திப் பார்த்தாள். இடது கோரைப்பல்லைத் தொட்டுக் காட்டினாள். மறுபடி படுத்தாள்.

‘என்ன கேட்டார்?’ என்றேன் பிளியிடம்.

‘போதுமா என்று.’

‘என்ன சொன்னாள்?’

‘இன்னும் கொஞ்சம் என்று.’

நான் எதிர்பார்க்காதது இதுதான். எத்தனை தேய்க்க வேண்டும் என்பதைப் படுத்திருப்பவளிடம் கேட்கிறார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்குப் பிறகு தேய்வதும் நூலளவுதான், கூர் மழுங்குகிற அளவு. பகை என்றால் பிடுங்கிவிட வேண்டியதுதானே என்று பிளியிடம் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். ‘பிடுங்கினால் எதை வைத்துச் சாப்பிடுவாள்?’ ஆறும் ஒருநாளும் போகாது, போகவும் கூடாது, அடங்கி இருந்தால் போதும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் விளக்கம். ஆசையே இல்லாவிட்டால் கல்யாணம் எங்கே, கோபமே இல்லாவிட்டால் மகளை யாராவது சீண்டினால் யார் கேட்பது?

இன்னொன்றும் சொன்னார். பல் தேய்த்துவிடுவது பெற்றவர்களின் கடன். பிள்ளை தானாகப் போய்ச் செய்துகொள்வது அல்ல. நான் உன்னை இந்த ஆறு பேரோடு சேர்த்துப் பெற்றேன், அவர்களோடு நீ வாழும்படி செய்து தருவது என் வேலை என்று பெற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வசதியில்லாதவர்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஊரோடு சேர்ந்து கூட்டமாக நடத்தும்போது செய்துகொள்வார்கள். செய்யாமலே ஒருவர் இறந்துபோனால் பிணத்துக்காவது பேருக்கு அரத்தைத் தொட்டு எடுப்பதும் உண்டாம்.

அன்று சாயங்காலம் களைத்துப்போன இபு வாசலில் உட்கார்ந்து தரையில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாலியில் படையல் என்றாலே படங்களில் வருவது சானாங் என்கிற பூத்தட்டு. தென்னங்குருத்தில் முடைந்த உள்ளங்கை அகலத் தட்டு. கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பாக்கு பிரம்மாவுக்கு, வெற்றிலை விஷ்ணுவுக்கு, சுண்ணாம்பு சிவனுக்கு. நமக்குப் பழகிய தாம்பூலம்தான், கணக்குத்தான் வேறு. அது மேலே வைப்பது, தெய்வங்களுக்கு. தரையில் வைப்பதைச் சுற்றுலாக்காரர்கள் மிதித்துவிட்டுப் போகிறார்கள். அதற்குச் செகெஹான் என்று பெயர். ஒரு பிடி சோறு, வெங்காயத் துண்டு, இஞ்சித் துண்டு, உப்பு. மேலே கொஞ்சம் சாராயம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற கஜெங் க்லிவோன் நாளில் கட்டாயம் வைப்பார்கள். இது பூதகாலர்களுக்கு. கெட்டவை என்று நாம் சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும்.

தெய்வத்துக்குப் பூவும் ஊதுபத்தியும். பூதத்துக்கு வெங்காயமும் இஞ்சியும் சாராயமும். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து பரிமாறுகிற கை அது. இபு சாராயத்தை ஊற்றிவிட்டு எழுவதற்குள் தெரு நாய் வந்து சோற்றைத் தின்றது. விரட்டவில்லை. சாரம் போய்விட்டது, மிச்சத்தை யார் தின்றால் என்ன என்றார். பூதத்தை விரட்டுவது அங்கே குறி இல்லை. அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஞோமியா. நம் சௌமியம்தான், வடமொழியிலிருந்து இரண்டு பக்கமும் போயிருக்கிறது. பசி தீர்ந்த பூதம் சௌமியமாகித் தெய்வத்தின் பக்கம் திரும்பிவிடும். பசித்த வேளையில் வந்தால் அதே ஆள்தான் பூதம்.

என் மாமியாரின் பழமொழி அங்கேதான் ஞாபகம் வந்தது. பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது. உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழியில் பொங்கல் வைப்பதே அது போகட்டும் என்றுதான். போகவில்லை என்றதும் கையை விரித்துவிடுகிறோம். இங்கே இந்த அம்மா, போகாது என்று நன்றாகத் தெரிந்தே தினம் பொங்கலிட்டுக்கொண்டிருக்கிறார்.

காலையில் சமைத்ததும் வைக்கிற சிறு படையலும் உண்டு. வாழையிலைத் துணுக்கில் நாலு பருக்கை. அடுப்பு, அம்மி, தண்ணீர்ப்பானை, துடைப்பம், உரல் ஆகிய ஐந்தும் வீட்டில் நம்மை அறியாமல் உயிர்கள் சாகும் இடங்கள் என்று பழைய சாத்திரங்கள் சொல்லும். அதற்கான பரிகாரம் அந்தப் பருக்கைகள். கூட்டும்போது எறும்பு சாகும், தெரியும். அதற்காகக் கூட்டாமல் இருக்க முடியாது, அதுவும் தெரியும். துடைப்பத்துக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு இபு கூட்ட ஆரம்பிப்பார்.

பிளி ஒருநாள் இரவு எங்களைப் பக்கத்து ஊர்க் கோயிலுக்கு ரங்தா என்கிற சூனியக்காரியின் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். தொங்கும் நாக்கு, துருத்திய கோரைப்பற்கள், முழநீள நகங்கள். தேய்க்கப்படாத பற்கள் என்று தோழி காதில் சொன்னாள். பாரோங்குக்கும் ரங்தாவுக்கும் சண்டை நடக்கிறது, யாரும் ஜெயிப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் ரங்தாவின் முகத்தையும் துணியால் மூடி மரியாதையோடு கோயிலுக்குள்தான் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் கையில் ஒரு வெள்ளைத் துணியை வீசுவாள், எதிரிகள் சாய்வார்கள். 1930களில் அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் அது குழந்தையை இடுப்பில் கட்டித் தூக்குகிற துணி என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் பின்னால் படித்தபோது என் வயிற்றில் என்னவோ செய்தது.

ரங்தாவின் கதைக்கு அடியில் இருப்பது சாலோன் அராங் என்ற விதவையின் கதை. பதினோராம் நூற்றாண்டு ஜாவா, அய்ர்லங்க ராஜா காலம். அம்மாவுக்குப் பயந்து அவள் மகளைக் கட்ட யாரும் வரவில்லை. அந்த அவமானத்தில் அவள் நாட்டின்மேல் கொள்ளைநோயை ஏவுகிறாள். ஊர் ஊராகப் பிணம். கடைசியில் ம்பு பரடா என்ற முனிவர் வந்து அவளைக் கொல்கிறார். நம் கதை என்றால் அங்கே மங்களம் பாடியிருப்போம். இந்தக் கதையில் முனிவர் யோசிக்கிறார்: இவளுக்கு நான் விடுதலைக்கு வழி சொல்லவே இல்லையே. உடனே அவளுக்கு உயிர் கொடுத்து எழுப்புகிறார். எழுந்தவளுக்குக் கோபம், செத்தவளை ஏன் எழுப்பினாய் என்று. அவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அவள் கேட்டுக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளைச் சாக விடுகிறார். கருணை என்ற சொல்லுக்கு நான் இதுவரை கேட்டதில் இதைவிடப் பொறுப்பான கதை இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, பாலி ஏதோ சாந்த சொரூபிகளின் தீவு என்று விட்டுவிட்டால் பொய் சொன்னதாகிவிடும். 1965 டிசம்பரிலிருந்து சில மாதங்களில், கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டி அங்கே கொன்றவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இருபது பேருக்கு ஒருவர். கொன்றவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், சில இடங்களில் அதே குடும்பம். தினமும் பூதத்துக்குச் சோறு வைத்த கைகள்தான். அதே தீவில் 2002 அக்டோபர் 12 அன்று கூத்தாவில் குண்டு வெடித்து 202 பேர் செத்தபோது, பழிவாங்கும் கலவரம் மூளவில்லை. நம் பக்கம் எங்கே பிசகியது என்று கேட்டவர்கள் பலர். நவம்பர் 15ஆம் தேதி அந்த இடத்தில் பெரிய சாந்திச் சடங்கு நடத்தினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எந்த மரபும் ஒரு ஊரை எப்போதைக்குமாக நல்லதாக்கி வைத்துவிடுவதில்லை.

பஞ்சார் என்கிற ஊர்ச்சபையின் வேலைக்கு வராதவரை ஒதுக்கி வைப்பதும் அங்கே உண்டு. முற்றினால் சுடுகாட்டில் இடம்கூட மறுப்பார்கள். நம்மூர் ஊர்விலக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அந்தப் படையல்களை எல்லாம் முடைவது யார்? பல் தேய்க்கும் சடங்குக்கு முந்தின ஏழு நாளும் இபுவும் நாத்தனார்களும் ராத்திரி பன்னிரண்டு வரை தென்னங்குருத்து கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சேவல் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு காப்பி குடித்தார்கள். அவர்களும் பன்றி அறுத்தார்கள், பந்தல் கட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இபுவின் கட்டைவிரலில் இருந்த வெட்டுக்காயங்களை எண்ணிப் பார்த்தவள் நான்.

தினமும் காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூன்று வேளையும் ஒலிபெருக்கியில் திரிசந்தியா என்ற பிரார்த்தனை வரும். ஆறு சுலோகம். முதலாவது காயத்ரி. மற்றதை நான் காதில் வாங்கியதில்லை. ஒன்பதாம் நாள் மாலை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது நாலாவது சுலோகம் பளிச்சென்று காதில் விழுந்தது. பாபோஹம் பாபகர்மாஹம் பாபாத்மா பாபசம்பவஹ. என் பாட்டி பூஜை முடிந்து நின்ற இடத்திலேயே தன்னைத் தானே மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு சொல்வாளே, அதே வரி! நானே பாவம், செய்வதும் பாவம், ஆத்மாவும் பாவம், பிறந்ததும் பாவத்தில். சின்ன வயதில் எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பாட்டி என்ன பாவம் செய்தாள், முறுக்கு சுட்டாள். ஆனால் ஒலிபெருக்கி அத்தோடு நிற்கவில்லை. ஆறாவது சுலோகம் வந்தது: உடம்பால் செய்த பிழையைப் பொறு, வாயால் செய்ததைப் பொறு, மனதால் செய்ததைப் பொறு, கவனமில்லாமல் செய்ததைப் பொறு. பெரிய அழுகை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, துணி அலசுகிறாற்போல. பக்கத்தில் இபு வாளியை நிரப்பிக்கொண்டே கூடச் சொன்னார். நாளை மத்தியானம் மறுபடி சொல்வார். நாளைக்கும் பிழை இருக்கும்.

எனக்குக் கையில் நுரை. உடம்பால் செய்த பிழை என்றதும் நோட்டுதான் நினைவுக்கு வந்தது, எந்தக் கையால் கிழித்தேன் என்பது உட்பட.

கிளம்புகிற அன்று காலையில் இபு செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். நான் அந்தக் கல்லைப் பார்த்து, பிளி சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லைச் சொன்னேன்: அம்புர. மன்னித்துக்கொள் என்று அர்த்தம். உச்சரிப்பு தப்பாகத்தான் இருந்திருக்கும், இபு சிரித்தார்.

விமானநிலையத்தில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். கல்லைப் பற்றிச் சொன்னேன். அவள், ‘அப்போ என் தம்பி எங்கேம்மா?’ என்றாள். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பல் தேய்ப்பதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்து, ஆனால் எல்லாம் கேட்டாள்: அரம் எவ்வளவு நீளம், ரத்தம் வந்ததா, எத்தனை பல், எந்தப் பல்லுக்கு எது. எனக்கு வரிசை சரியாகத் தெரியாது, கோபத்துக்குக் கோரைப்பல் என்று நானாக வைத்துச் சொன்னேன்.

‘வாயைத் திற’ என்றாள்.

‘இங்கேயா? ஆள் நடமாட்டம்டி.’

‘திற.’

திறந்தேன். அவள் திரைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தாள்.

‘ரொம்ப இல்லை’ என்றாள். ‘இடது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம்.’